பழைய ரிலேயில் நான்கு பின், புதியதில் இரண்டே வயர்: செல்ஃப் ரிலே மாற்றுவதும் வயர் கொடுப்பதும்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடையது 150 சிசி பைக், கிக்கர் இல்லாதது. செல்ஃப் பொத்தானை அமத்தினால் சீட்டுக்குக் கீழே "டக்" என்று ஒரு சத்தம் வரும், எஞ்சின் சுற்றாது. ரிலே போய்விட்டது என்று நினைத்துப் புதியது ஒன்று வாங்கியிருக்கிறார். பழையதில் நான்கு பின் உள்ள சொக்கெட்டும், அதற்குள்ளேயே ஒரு பியூஸும் இருந்தன. கடையில் கொடுத்ததில் இரண்டு மெல்லிய வயர்தான், பியூஸ் இல்லை. அந்த இரண்டையும் ஏதோ ஒரு மாதிரி இணைத்துப் பார்த்ததில், இப்போது சாவியைத் திறந்தாலும் ஒரு லைட்கூட எரியவில்லை. கராச்சில் காட்டினால் ஸ்டார்ட்டர் மோட்டரையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்களாம். தினமும் குருமண்வெளித் துறையில் படகுப் பாதை (பைக்கையும் ஏற்றுகிற மிதவை) ஏறி மண்டூருக்கு வேலைக்குப் போகிறவர். இறங்கு துறையில் ஒவ்வொரு நாளும் பைக்கைத் தள்ளிக்கொண்டு ஓட முடியாது என்கிறார்.

தம்பி, முதலில் மோட்டரை வாங்க வேண்டாம். லைட் எரியாமல் போனது எதுவும் கருகியதால் இல்லை. பைக் முழுவதுக்கும் மின்சாரம் போகிற வழி பழைய ரிலேக்குள்ளால்தான் போனது. அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். பழையதைத் திரும்பக் கொழுவிப் பாருங்கள், லைட் எல்லாம் எரியும். எரிந்ததும் அதை உடனே கழற்றிவிடாதீர்கள். பழைய ரிலே உண்மையிலேயே பழுதா என்று அது பைக்கில் இருக்கும்போதுதான் பார்க்க முடியும். "டக்" என்று கேட்டு எஞ்சின் சுற்றாத பைக்குகளில் ரிலேயில் ஒரு குறையும் இல்லாதவை நிறைய வரும். நம்முடைய கரையில் அது இன்னும் கூட.

இந்த ரிலே செய்கிற வேலை என்னவென்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஸ்டார்ட்டர் மோட்டர் எஞ்சினைச் சுற்றும்போது பல பத்து அம்பியர் இழுக்கும். அவ்வளவு கரண்ட்டை ஹாண்டிலில் இருக்கிற சின்னப் பொத்தான் தாங்காது. அதனால் பொத்தான் ரிலேக்குள் இருக்கிற சுருளுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கிறது. சுருள் காந்தமாகி ஒரு செம்புத் தட்டை இழுக்க, அந்தத் தட்டு இரண்டு தடித்த போல்ட்டுகளையும் சேர்த்துவிடுகிறது. குளத்துத் துருசில் ஒரு ஆள் கையால் சக்கரத்தைத் திருப்ப, வாய்க்கால் நிறையத் தண்ணீர் பாய்கிற மாதிரித்தான் இதுவும். சுருளின் தடை பெரும்பாலும் 3 முதல் 6 ஓம் வரை இருக்கும். 4 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 3 அம்பியர். பொத்தானுக்கு வேலை அவ்வளவுதான். நீங்கள் கேட்கிற "டக்" அந்தத் தட்டு அடிக்கிற சத்தம்.

ஆக, இங்கே இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. பெரிய சுற்று பற்றரியின் பிளஸ்ஸில் தொடங்கி, ரிலேயின் ஒரு போல்ட்டுக்கு வந்து, மற்ற போல்ட்டால் வெளியேறி, மோட்டருக்குப் போய், மோட்டரின் உடம்பு வழியாக எஞ்சினுக்கு இறங்கி, தடித்த ஏர்த் கேபிளால் பற்றரியின் மைனஸ்ஸுக்குத் திரும்புகிறது. சின்னச் சுற்று பியூஸ், சாவி, கில் சுவிட்ச் (எஞ்சினை நிறுத்துகிற சுவிட்ச்), செல்ஃப் பொத்தான், ரிலேயின் சுருள், பிறகு கிளச் சுவிட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச் என்று போய் ஏர்த்தில் முடிகிறது. சில பைக்குகளில் இந்த ஒழுங்கு கொஞ்சம் மாறும், கிளச் சுவிட்ச் பொத்தானுக்கு முன்னாலேயே வரும். "டக்" கேட்கிறது என்றால் சின்னச் சுற்று ஏறக்குறைய வேலை செய்கிறது என்று அர்த்தம். சத்தமே இல்லாவிட்டால்தான் பொத்தான், கில் சுவிட்ச், கிளச் சுவிட்ச், பியூஸ் பக்கம் தேட வேண்டும். உங்களுக்கு அந்த வேலை இல்லை.

சத்தத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். ஒரே ஒரு "டக்", உறுதியாக, அதோடு அமைதி என்றால் ரிலேயின் தட்டு கருகியிருக்கலாம், அல்லது அதற்குப் பிறகு மோட்டர் வரைக்கும் எங்கோ வழி அடைபட்டிருக்கலாம். "டகடகடக" என்று நடுங்கினால் அது பெரும்பாலும் ரிலேயின் குற்றம் இல்லை, பற்றரிதான். தட்டு சேர்ந்ததும் மோட்டர் இழுக்கிற இழுப்பில் பற்றரியின் வோல்ட் விழுந்துவிடும், சுருளுக்குப் பிடித்து வைத்திருக்கப் பலம் போதாது, தட்டு விட்டுவிடும், வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும். இப்படி நடுங்குகிற ஒவ்வொரு தடவையும் செம்பில் பொறி பறந்து ஒரு சின்னக் குழி விழும். பலம் குறைந்த பற்றரியை வைத்துக்கொண்டு பொத்தானைத் திரும்பத் திரும்ப அமத்துகிறவர்களுடைய ரிலே சீக்கிரம் போவது இதனால்தான். ரிலே புதிதாகப் போட்டுப் பழைய பற்றரியையே விட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

சரி, இப்போது அளக்கலாம். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீற்றர் போதும், விலை குறைந்ததே போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். பைக் நியூட்ரலில், பெரிய ஸ்டாண்டில் நிற்கட்டும். பொத்தானை அமத்த ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை அமத்தினால் மூன்று நான்கு செக்கனுக்கு மேல் வேண்டாம். பெற்றோல் மணம் இருந்தால் எதையும் தொடாமல் முதலில் அதைப் பாருங்கள்.

பற்றரியின் இரண்டு முனைகளில் மீற்றரை வையுங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறி, சிறிது நேரம் சும்மா இருந்த பற்றரி 12.6க்கு மேல் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இனிப் பொத்தானை அமத்தச் சொல்லுங்கள். மோட்டர் சுற்றுகிற பைக்கில் இது பத்துக்குக் கிட்ட வந்து நிற்கலாம், அதில் பிழையில்லை. ஏழுக்கும் எட்டுக்கும் விழுந்தால் பற்றரி முடிந்துவிட்டது, அல்லது மோட்டர் உள்ளே இறுகிக்கிடக்கிறது. உங்களுடையதில் "டக்" என்ற பிறகும் 12.5 அப்படியே அசையாமல் நின்றால், மோட்டர் கரண்ட்டே இழுக்கவில்லை என்று அர்த்தம். வழி எங்கோ அறுந்திருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் அடுத்த அளவு.

மீற்றரின் சிவப்பு முனையை ரிலேயில் பற்றரிப் பக்கத்துப் போல்ட்டிலும், கறுப்பு முனையை மோட்டர் பக்கத்துப் போல்ட்டிலும் வையுங்கள். பொத்தானை அமத்தாமலே பாருங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். மோட்டரின் சுருள்கள் வழியாக ஏர்த் கிடைப்பதால்தான் அந்த அளவு வருகிறது. இந்த இடத்திலேயே பூச்சியம் காட்டினால் ரிலேயை விட்டுவிடுங்கள்: மோட்டருக்குப் போகிற கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது மோட்டருக்குள் கரித்துண்டு (பிரஷ்) தேய்ந்து தொடாமல் நிற்கிறது, அல்லது எஞ்சின் ஏர்த் இல்லை. 12 காட்டுகிறது என்றால் அடுத்து பொத்தானை அமத்தச் சொல்லுங்கள். "டக்" என்றதும் அந்த 12 சடாரென்று விழுந்து 0.1, 0.2 என்று நிற்க வேண்டும். "டக்" கேட்டும் 12 அப்படியே நின்றால் உள்ளே தட்டு அடிக்கிறது, ஆனால் கரண்ட் கடக்கவில்லை. அதுதான் பழுதான ரிலே. சந்தேகமே வேண்டாம், மாற்றுங்கள். ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் என்று நடுவில் நின்றாலும் கருகியதுதான், இன்று இல்லாவிட்டால் நாளைக்கு நின்றுவிடும்.

மூன்றாவது அளவைப் பலர் எடுப்பதில்லை. நம்முடைய பக்கத்தில் கட்டாயம் எடுக்க வேண்டியது அதுதான். ஒரு முனை பற்றரியின் மைனஸ் கம்பத்தில், கேபிளில் இல்லை, ஈயக் கம்பத்திலேயே. மற்ற முனை எஞ்சினின் வெறும் உலோகத்தில், பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில். அமத்தும்போது 0.2 அல்லது 0.3க்கு மேல் போகக்கூடாது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் ஏர்த் கேபிளில் உப்புப் பிடித்துவிட்டது. இந்த அளவு சரியாக வர மோட்டர் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். ரிலே கடத்தாவிட்டால் எதை அளந்தாலும் பூச்சியம்தான் வரும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். புதிய ரிலே போட்ட பிறகு திரும்ப அளந்துகொள்ளுங்கள்.

ஏர்த்தைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. எழுவான்கரை (மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை) முழுவதும் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, அங்கால கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் வீட்டு முற்றத்தில் நிறுத்தினாலும் உப்புக் காற்றுப் படும். செம்பு வயரின் முனையில் பச்சைக் களிம்பு ஏறும். அது வெளியில் கொஞ்சமாகத் தெரியும். பிளாஸ்டிக் உறையை அரை விரற்கடை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்துப் பொடியாக உதிரும். வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போய்வருகிறவர்களுக்கு மாரி மழையில் வேறு தொல்லை. கிட்டங்கி மாதிரித் தாம்போதிகளில் முழங்கால் தண்ணீருக்குள்ளால் ஓட்டிப்போனால் எஞ்சினோடு ஏர்த் கேபிள் சேருகிற போல்ட், மோட்டரின் கேபிள் முனை எல்லாம் சேற்றுத் தண்ணீரில் மூழ்கித்தான் எழும். இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதற்குப் பிறகு பல வருடம் வெளிநாட்டில் இருந்து புதிய பைக் பெரிதாக வரவில்லை. அதனால் இங்கே ஓடுகிறவற்றில் வயது போனவை நிறைய, அவற்றின் வயரிங்கும் அதே வயதுதான். வயரைத் துப்புரவாக்காமல் பாகத்தை மட்டும் மாற்றுகிற வேலை இந்தக் கரையில் நிலைக்காது.

ஸ்க்ரூட்ரைவரால் ரிலேயின் இரண்டு போல்ட்டையும் சேர்த்துத் தட்டிப் பார்க்கிற பழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். கராச்சில் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பொறி பறக்கும், போல்ட்டின் மரை உருகும், பக்கத்தில் கார்புரேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தால் அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. கியரில் இருந்தால் பைக் பாயும். மோட்டர் நல்லதா என்று பார்க்கத்தான் வேண்டுமென்றால், காருக்குப் போடுகிற ஜம்பர் கேபிளின் ஒரு துண்டால், நியூட்ரலில், ஒரு நொடி தொட்டு எடுங்கள். சுற்றினால் மோட்டரும் ஏர்த்தும் சரி. மீற்றர் கையில் இருந்தால் இதுவும் தேவையில்லை.

இனி வயர் விஷயம். பழைய ரிலேயை எறிந்துவிடாதீர்கள், உங்களுக்கு வேண்டிய வயரிங் படம் அதுதான். பைக்கில் இருந்து கழற்றிய பிறகு, பியூஸ் அதற்குள்ளேயே இருக்க, மீற்றரை 200 ஓமில் வைத்துப் பற்றரிப் பக்கத்துப் போல்ட்டுக்கும் நான்கு பின்களுக்கும் இடையே ஒவ்வொன்றாகப் பாருங்கள். சில ரிலேக்களில் போல்ட்டுக்குப் பக்கத்தில் பற்றரிக்கு "பி" என்றும் மோட்டருக்கு "எம்" என்றும் ஆங்கில எழுத்தில் அடித்திருக்கும். போல்ட்டோடு பூச்சியம் ஓம் காட்டுகிற பின்தான் பியூஸ் வழியாகப் பைக் முழுவதுக்கும் போகிற பிரதான வயர். சிலவற்றில் அது ஒன்று, சிலவற்றில் இரண்டு பின்னும் அதுவாகவே இருக்கும். சொக்கெட்டில் அதற்கு நேரே வருகிற வயர் மற்றவற்றைவிடத் தடிப்பாகவும், அநேகமாகச் சிவப்பாகவோ சிவப்பில் கோடு போட்டதாகவோ இருக்கும். மிச்சப் பின்களில் எந்த இரண்டுக்கும் இடையே 3 முதல் 6 ஓம் காட்டுகிறதோ அதுதான் சுருள். அந்த இரண்டு பின்னுக்கும் வருகிற மெல்லிய வயர்கள்தான் உங்கள் புதிய ரிலேயின் இரண்டு மெல்லிய வயருக்கும் சேர வேண்டியவை.

நிறத்தை மட்டும் நம்பி இணைக்க வேண்டாம். ஹொண்டா முறையில் வருகிறவற்றில் சுருளுக்கு மஞ்சளில் சிவப்புக் கோடும், பச்சையில் சிவப்புக் கோடும் வரும், வெறும் பச்சை ஏர்த். யமஹாவில் ஏர்த் கறுப்பு. வேறு கம்பனி வேறு நிறம். அதோடு, இத்தனை வருடம் ஓடிய பைக்கில் யாரோ ஒருவர் எங்கேயோ கையில் கிடைத்த வயரை ஒட்டுப் போட்டிருப்பார். மீற்றர் சொல்வதுதான் முடிவு.

இப்போது லைட் ஏன் எரியவில்லை என்பது விளங்கியிருக்கும். புதிய ரிலேயில் அந்தப் பியூஸும் இல்லை, பிரதான வயருக்குப் பின்னும் இல்லை. ஆகவே நீங்கள் அந்த வழியை வெளியே கட்டிக்கொள்ள வேண்டும். பற்றரியின் பிளஸ் கேபிள் வந்து சேருகிற அதே போல்ட்டில் இன்னொரு லக்கைப் (வயரின் முனையில் அடிக்கிற உலோக வளையம்) போட்டு, அதில் இருந்து ஒரு பியூஸ் ஹோல்டருக்கு வயர் இழுத்து, ஹோல்டரின் மற்றப் பக்கத்தைச் சொக்கெட்டில் இருந்த தடித்த சிவப்பு வயரோடு சேருங்கள். இரண்டு தடித்த சிவப்பு இருந்தால் இரண்டையும் சேர்த்து. பியூஸ் போல்ட்டுக்குக் கிட்டவே இருக்கட்டும். போல்ட்டுக்கும் பியூஸுக்கும் இடையிலான வயர் எங்கேயாவது பிரேமில் உரசினால் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. ஆகவே ஒரு சாணுக்கு மேல் அதை விடாதீர்கள்.

பியூஸின் அளவு என்ன? பழைய ரிலேக்குள் இருந்த பியூஸின் முதுகில் போட்டிருக்கிற எண்தான், அதற்கு மேல் இல்லை. தகட்டுப் பியூஸ்களில் நீலம் 15 அம்பியர், மஞ்சள் 20, பச்சை 30. கடையில் 15 இல்லை, 30 இருக்கிறது என்றால் வேறு கடைக்குப் போங்கள். பியூஸுக்குப் பதில் வயரை நேரே முறுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். சீட்டுக்குக் கீழே, பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் வயர் சிவந்து உருகினால் பைக்கே போய்விடும். பழைய ரிலேயின் மூடிக்குள் சில கம்பனிகள் ஒரு மேலதிகப் பியூஸ் வைத்திருப்பார்கள், திறந்து பாருங்கள்.

வயரும் கவனமாக எடுங்கள். வீட்டு வயரிங் செய்து மிஞ்சிய 7/0.67 வயரைப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் என்பதால் அது கரண்ட்டைத் தாங்கும், உண்மைதான். ஆனால் அதற்குள் ஏழே ஏழு தடித்த கம்பிகள். பைக்கின் அதிர்வில் லக்கின் கழுத்தில் ஒவ்வொன்றாக முறியும். வாகனத்துக்கென்று வருகிற, மெல்லிய கம்பிகள் பல சேர்ந்த வளைகிற வயர், அதே 2.5 அளவில் வாங்குங்கள். பற்றரியில் இருந்து ரிலேக்கும், ரிலேயில் இருந்து மோட்டருக்கும் போகிற பெரிய கேபிள்களை இந்த வயரால் மாற்ற நினைக்கவே வேண்டாம். அவை பழுதென்றால் அதே தடிப்பில் பைக்கின் கேபிளையே வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் புதிய ரிலேயை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு மெல்லிய வயருக்கும் இடையே 3 முதல் 6 ஓம் வருகிறதா? மெல்லிய வயர் ஒவ்வொன்றுக்கும் ரிலேயின் இரும்பு உடம்புக்கும் இடையே ஒன்றும் காட்டாமல் இருக்கிறதா? இரண்டு வயரும் உடம்போடு தொடர்பில்லாமல் இருக்க வேண்டும், இது மிகவும் முக்கியம். சந்தையில் ஒற்றை வயர் ரிலேயும் விற்கிறது. அதில் சுருளின் மற்ற முனை உடம்போடு சேர்ந்து பிரேமில் ஏர்த் ஆகிவிடும். உங்கள் பைக்கில் கிளச் சுவிட்ச் ஏர்த் பக்கத்தில் இருந்தால், அப்படியான ரிலேயைப் போட்டதும் அந்தச் சுவிட்ச் வேலையிழந்துவிடும். கியரில் நிற்கும்போது பிள்ளைகள் யாராவது பொத்தானை அமத்தினாலும் பைக் பாயும். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னாலும் ஒற்றை வயரை வாங்க வேண்டாம். நான்கு தட்டைக் கால் உள்ள சதுரமான கார் ரிலேயையும் வாங்க வேண்டாம். ஹோர்னுக்கும் லைட்டுக்கும் அது நல்லது. 30, 40 அம்பியர் தாங்குகிற அதன் முனைகள் ஸ்டார்ட்டர் மோட்டரின் இழுப்பில் ஒட்டிப்போகும்.

மெல்லிய வயர் இரண்டில் எது பிளஸ், எது மைனஸ்? சாதாரண சுருளுக்கு எந்தப் பக்கம் கொடுத்தாலும் காந்தம் ஆகும். ஆனால் புதிய ரிலேயில் பிளஸ், மைனஸ் அடையாளம் இருந்தால் உள்ளே டயோட் (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற பாகம்) இருக்கக்கூடும். மாற்றிக் கொடுத்தால் பியூஸ் போகும். அப்படி அடையாளம் இருந்தால், பிரதான வயரைப் பியூஸோடு இணைத்த பிறகு சாவியைத் திறந்து, நியூட்ரலில், கிளச்சைப் பிடித்து, பொத்தானை அமத்தி, பைக் பக்கத்து மெல்லிய வயர்களை ஒவ்வொன்றாகப் பற்றரி மைனஸோடு அளந்து பாருங்கள். அமத்தும்போது 12 வருகிற வயர்தான் பிளஸ். பெரும்பாலான பைக்குகளில் மற்றது ஏர்த்துக்குப் போகிற வயர்.

பூட்டுகிற ஒழுங்கு இப்படி. சாவியை மூடி, முதலில் பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். பிளஸ் பக்கத்தில் ஸ்பானர் பிரேமில் பட்டாலும் மைனஸ் கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. மைனஸ் இருக்கும்போது பட்டால் ஸ்பானரே வெல்டிங் ஆகும். பிறகு ரிலேயின் இரண்டு பெரிய கேபிள்கள். அநேகமாக 10ஆம் நம்பர் ஸ்பானர்தான். இரண்டு கேபிளின் லக்கையும் சாண்ட் பேப்பரால் தேய்த்து செம்பு மினுங்கும்வரை துப்புரவாக்குங்கள். பற்றரி முனையில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் வெந்நீரில் அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கழன்றுவிடும். கரைசல் பற்றரிக்குள் போகாமல் பாருங்கள். பச்சைக் களிம்பு வயருக்குள்ளேயே ஏறியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, நல்ல செம்பு வரும்வரை வெட்டிப் புது லக் அடியுங்கள்.

லக்கை அடிக்கிற குறட்டால் அடியுங்கள், சாதாரணக் குறட்டால் நசித்துவிடுவது போதாது. அடித்த பிறகு பிடித்து இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. மூட்டுக்கு மேல் ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடாக்கிச் சுருக்கினால் உப்புக் காற்று உள்ளே போகாது. வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுவது இங்கே ஒரு மாரிக்குக்கூடத் தாங்காது. டேப்பின் பசை வெயிலில் இளகி, உள்ளே தண்ணீர் தங்கி, அடுத்த பழுது அந்த மூட்டில்தான் வரும்.

புதிய ரிலேயில் பியூஸ் இல்லாததால் இரண்டு போல்ட்டுக்கும் வித்தியாசம் இல்லை. எதைப் பற்றரிக்குக் கொடுக்கிறீர்களோ அதில்தான் பியூஸ் வயரின் லக்கும் சேர வேண்டும். தவறி மோட்டர் பக்கத்தில் போட்டால் சாவியைத் திறந்தாலும் லைட் எரியாது, பொத்தானை அமத்தினாலும் "டக்" கேட்காது. நட்டை இறுக்கும்போது அடி நட்டை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள். போல்ட் பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கிறது, பலத்தைக் காட்டினால் அது உள்ளேயே திரும்பிச் சுருளின் வயரை அறுத்துவிடும். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் மெல்லிதாகப் பூசி, ரப்பர் தொப்பியை மூடுங்கள். தொப்பி கிழிந்திருந்தால் புதியது போடுங்கள். மோட்டர் பக்கத்துப் போல்ட்டில் பொத்தானை அமத்தும்போது மட்டும்தான் கரண்ட் இருக்கும், ஆனால் பற்றரிப் பக்கத்தில் எந்நேரமும் இருக்கிறது, சீட்டின் அடித்தகடு அதில் பட்டால் பொறி பறக்கும். ரிலேயைப் பழைய ரப்பர் பிடிக்குள்ளேயே செருகுங்கள். புதியதன் உருவம் அதற்குப் பொருந்தாவிட்டால் தண்ணீர் தெறிக்காத இடமாகப் பார்த்து, ஆடாமல் கட்டுங்கள். பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

முதல் தடவை அமத்தும்போது ஒரு கையில் ஸ்பானர் இருக்கட்டும். பொத்தானை விட்ட பிறகும் மோட்டர் சுற்றிக்கொண்டே இருந்தால் தட்டு ஒட்டிவிட்டது என்று அர்த்தம். சாவியை மூடினாலும் நிற்காது, ஏனென்றால் பெரிய சுற்று சாவியைத் தொடுவதே இல்லை. உடனே மைனஸ் கேபிளைக் கழற்றுவது ஒன்றே வழி. ரிலே பழசாகும்போது இது எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், அதனால் 10ஆம் நம்பர் ஸ்பானர் ஒன்று எப்போதும் பைக்கின் பெட்டிக்குள் இருப்பது நல்லது.

எஞ்சின் பிடித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று சீட்டைப் பூட்டிவிடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பற்றரியின் வோல்ட்டை ஒருமுறை அளவுங்கள், கொஞ்சம் அக்ஸிலேட்டர் கொடுத்து. 13.5க்கும் 14.5க்கும் இடையே நிற்க வேண்டும். ரெகுலேட்டரில் (எஞ்சின் ஓடும்போது பற்றரிக்குப் போகிற வோல்ட்டை அளவாக வைக்கிற பாகம்) இருந்து பற்றரிக்குச் சார்ஜ் திரும்பி வருவதும் பல பைக்குகளில் அதே தடித்த சிவப்பு வயர், அதே பியூஸ் வழியாகத்தான். இரண்டு சிவப்பு வயர் இருந்து ஒன்றை மட்டும் சேர்த்திருந்தால் லைட் எரியும், பைக்கும் ஸ்டார்ட் ஆகும், ஆனால் சார்ஜ் வராமல் இரண்டொரு நாளில் பற்றரி இறங்கிவிடும். 12.5இல் நின்றுகொண்டு கீழே இறங்கிக்கொண்டே போனால் அந்த இரண்டாவது சிவப்பைத் தேடுங்கள்.

எல்லாம் சரியாகக் கொடுத்தும் "டக்" மட்டும் கேட்டு மோட்டர் சுற்றாவிட்டால், மோட்டரின் கேபிள் முனைக்கும் மோட்டரின் உடம்புக்கும் இடையே அமத்திக்கொண்டு அளவுங்கள். அங்கே 11, 12 வோல்ட் வந்தும் அசையவில்லை என்றால், அப்போதுதான் கராச்சில் சொன்னது சரி. அப்போதும் முழு மோட்டரை வாங்குவதற்கு முன் கரித்துண்டை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அநேகமான மோட்டர்களுக்குக் கரித்துண்டு தனியாகக் கிடைக்கிறது, விலையும் மோட்டரின் விலையில் ஒரு சிறு பங்குதான். பற்றரியில் எவ்வளவு விழுகிறது, ரிலேயின் இரண்டு போல்ட்டுக்கும் இடையே எவ்வளவு, ஏர்த்தில் எவ்வளவு என்ற மூன்று எண்களையும் எழுதி அனுப்புங்கள், மிச்சத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.